பங்கு வாங்கும் காவல்: சூதாட்டக் கூடங்களும் அரசின் கண்காணிப்பும்



சட்டத்தை மீறியதாகப் புகாருக்கு உள்ளாகும் சூதாட்டக் கூடங்களை அரசு எப்படிக் கண்காணிக்க வேண்டும் என்பதே இந்த உரையின் பொருள். புதுக்கோட்டை மாவட்டத்தில் உரிமம் பெற்ற கேசினோ ஏதும் கிடையாது. தமிழ்நாட்டிலும் கிடையாது. இல்லாத ஒன்றைப் பற்றி இங்கே ஏன் பேச வேண்டும் என்று கேட்பது நியாயமே. பேசுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. சீட்டு மேசை போட்ட மனமகிழ் மன்றங்கள் தமிழ்நாட்டின் சிறு நகரங்கள் வரை பரவியிருக்கின்றன. கைப்பேசி வழியாகச் சூதாட்டம் அறந்தாங்கிக்கும் ஆலங்குடிக்கும் பொன்னமராவதிக்கும் வந்து சேர்ந்து ஆண்டுகள் பல ஆகின்றன. இம்மாவட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் இளைஞர்கள், உலகப் புகழ்பெற்ற இரண்டு கேசினோக்கள் இயங்கும் ஊரில்தான் சம்பளம் வாங்குகிறார்கள். ஆகவே இது கோவாவின் சிக்கல், ஆஸ்திரேலியாவின் சிக்கல் என்று ஒதுங்கிக்கொள்ள நமக்கு வழியில்லை. வள்ளுவர் சூதுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார். அதை அறத்துப்பாலில் வைக்காமல் பொருட்பாலில், கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவே வைத்தார். அரசும் அமைச்சும் குடியும் பேசப்படும் பகுதியில் சூதும் பேசப்படுவது நாம் கவனிக்க வேண்டிய ஒன்று. தனி மனிதரின் ஒழுக்கத்தோடு முடிந்துவிடாமல், ஆள்வோரின் கடமையாகவும் அது நிற்கிறது.

நான் இங்கே நிறுவ விரும்பும் கருத்து ஒன்றே. சூதாட்டத்தின் வருவாயில் பங்கு பெறும் கையே அதைக் கண்காணிக்கும் கையாகவும் இருந்தால், கண்காணிப்பு நாளடைவில் வசூலாகச் சுருங்கிவிடும். கண்மாய்ப் பாசனத்தை அறிந்த இந்த மாவட்டத்தாருக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மீன்பாசிக் குத்தகை எடுத்தவரிடம் மடையைத் திறந்து மூடும் பொறுப்பையும் கொடுத்தால் என்ன ஆகும் என்பது ஆயக்கட்டு விவசாயிக்குத் தெரியும். குத்தகைதாரர் தீயவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. தண்ணீர் வற்றினால்தான் மீன் பிடிக்க முடியும் என்ற நிலையே போதும். சூதாட்டத்தில் அரசு அமர்ந்திருக்கும் இடமும் அத்தகையது. அந்த இடத்தை மாற்றாமல், அதிகாரிகளின் நேர்மையை மட்டும் நம்பி எழுதப்படும் சட்டம் எதுவும் நிலைக்காது.

பழைய ஏற்பாடு

அரசு ஒரே சமயத்தில் காவலாகவும் பங்காளியாகவும் இருப்பது புதிய வழக்கம் இல்லை. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் சூதாட்டத்துக்கென்றே ஒரு கண்காணிப்பாளரை நியமிக்கிறது. அவர் குறித்த இடத்தில்தான் ஆட வேண்டும். வேறிடத்தில் ஆடினால் 12 பணம் தண்டம். மறைந்து வாழும் திருடர்களையும் ஒற்றர்களையும் கண்டுபிடிக்க இந்த ஏற்பாடு உதவும் என்று நூல் காரணம் சொல்கிறது. கள்ளக் காய்களைப் பயன்படுத்துவோருக்கும் தண்டனை உண்டு. இவ்வளவும் காவல் பணி. அதே அதிகாரி, வென்றவரின் தொகையில் நூற்றுக்கு ஐந்து எடுத்துக்கொள்கிறார்; காய்களுக்கு வாடகை வசூலிக்கிறார்; இடத்துக்கும் தண்ணீருக்கும்கூடக் கட்டணம் பெறுகிறார். திருடனைப் பிடிக்க வைத்த கூடமே கருவூலத்துக்குப் பணம் தரும் கூடமாகவும் ஆகிறது. ஆட்டம் பெருகினால் வருவாய் பெருகும். கூடத்தை மூட வேண்டிய நாள் வந்தால் அந்தக் கண்காணிப்பாளர் என்ன செய்வார் என்ற கேள்விக்கு அர்த்தசாஸ்திரத்தில் விடை இல்லை. அந்தக் கேள்வி இன்றுவரை விடை தேடிக்கொண்டிருக்கிறது.

நம் மாநிலத்தின் அண்மைக்கால வரலாறும் இதையே காட்டுகிறது. 1968-இல் தமிழ்நாடு அரசு தானே பரிசுச் சீட்டு விற்கத் தொடங்கியது. பரிசு விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்று அரசே விளம்பரம் செய்தது. நல்ல நோக்கத்தோடு தொடங்கிய திட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அரசுச் சீட்டுக்குப் பின்னால் வெளிமாநிலச் சீட்டுகளும், ஒரு நாளிலேயே முடிவு தெரியும் சீட்டுகளும், ஊர்தோறும் முகவர்களும் பெருகி, அன்றாடக் கூலியை அன்றாடமே உறிஞ்சும் தொழிலாக அது வளர்ந்தது. 2003 ஜனவரியில் முதலமைச்சர் ஜெயலலிதாவின் அரசு தமிழ்நாட்டில் எல்லா லாட்டரிச் சீட்டுகளையும் தடை செய்தது. தீமை கண்ணெதிரே வளர்ந்தும், அரசு தன் கையை முற்றிலும் எடுத்துக்கொள்ள ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஆயின. வருவாய் இல்லாத தொழிலாக இருந்திருந்தால் இவ்வளவு காலம் ஆகியிருக்குமா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

வருவாய் என்றால் வரி மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. கட்சிகளுக்கு நன்கொடை தர உருவான தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் செல்லாது என்று அறிவித்தபின் வெளியான பட்டியலில், நாட்டிலேயே அதிகமாக 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியிருந்தது ஒரு லாட்டரி நிறுவனம்: ஃப்யூச்சர் கேமிங். திரிணமூல் காங்கிரசுக்கு 540 கோடிக்கும் மேலாகவும், தி.மு.க.வுக்கு 500 கோடிக்கும் மேலாகவும் அதனிடமிருந்து வந்தன. வேறு கட்சிகளும் பெற்றன. அந்நிறுவனம் அப்போது அமலாக்கத் துறையின் விசாரணையில் இருந்தது. அன்றிருந்த சட்டப்படி நன்கொடை கொடுத்ததும் குற்றமில்லை, வாங்கியதும் குற்றமில்லை. எந்தக் கட்சியும் கைம்மாறு செய்தது என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. அப்படிச் சொல்லவும் மாட்டேன். நான் சொல்வது வேறு. விசாரணையில் இருக்கும் ஒரு தொழில், விதிகளை வகுக்கும் கட்சிகளுக்கு இந்த அளவு பணம் தரக்கூடிய நிலை இருக்கும்வரை, எந்த அரசு எந்த உரிமத்தை நீட்டித்தாலும் மக்கள் அதை ஐயத்தோடுதான் பார்ப்பார்கள். அந்த ஐயத்துக்கு இடமில்லாத அமைப்பை உருவாக்குவது அரசின் கடமை.

மாண்டோவி ஆற்றில்

பந்தயமும் சூதாட்டமும் நம் அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலில் 34-ஆவது பொருளாக இருக்கின்றன. அவற்றின் மீதான வரியும் 2016 வரை அதே பட்டியலில் 62-ஆவது பொருளாக இருந்தது. ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் வரி விதிக்கும் அதிகாரமும் அப்போது ஒரே அரசின் கையில் இருந்தன. கோவாவில் 1976-ஆம் ஆண்டுச் சூதாட்டத் தடைச் சட்டத்தில் 1992-இல் 13ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. ஐந்து நட்சத்திர விடுதிகளில் சூதாட்டப் பொறிகளை வைக்க அது அனுமதித்தது. 1996-இல் கப்பல்களில் மேசை ஆட்டங்களுக்கும் வழி திறந்தது. தடைச் சட்டத்துக்குள்ளேயே ஒரு கதவைத் திறந்து, அதன் வழியே ஒரு தொழிலையே வரவழைத்துவிட்டார்கள். பனாஜி நகரை ஒட்டி மாண்டோவி ஆற்றில் நிற்கும் கேசினோக் கப்பல்களை வேறிடத்துக்கு மாற்றுவோம் என்று ஆட்சிக்கு வந்த அரசுகள் திரும்பத் திரும்ப வாக்களித்தன. கால நீட்டிப்பும் திரும்பத் திரும்பக் கொடுத்தன. கப்பல்கள் இன்றும் அங்கேதான் நிற்கின்றன.

கோவா மக்கள் கேசினோவுக்குள் செல்லக் கூடாது என்ற கட்டுப்பாடு 2012-இல் சட்டமானது. அதை நடைமுறைக்குக் கொண்டுவந்த நாள் 2020 பிப்ரவரி 1. எட்டு ஆண்டுகள் அந்த விதி தாளில் கிடந்தது. கண்காணிக்க ஓர் ஆணையர் இல்லை என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. கடைசியில் அந்தப் பொறுப்பு வணிகவரி ஆணையரிடம் ஒப்படைக்கப்பட்டது. வசூலிப்பவரே காவலர் ஆனார். வணிகவரி ஆணையர் திறமையானவராக இருக்கலாம், நேர்மையானவராகவும் இருக்கலாம். ஆனால் ஆண்டு முடிவில் அவருடைய துறையை அரசு அளப்பது எவ்வளவு வரி வந்தது என்ற கோலால்தான். எத்தனை குடும்பங்கள் காப்பாற்றப்பட்டன என்று யாரும் அவரிடம் கணக்குக் கேட்பதில்லை.

2023 செப்டம்பரில் கோவா கேசினோக்களை நடத்தும் டெல்டா கார்ப் நிறுவனத்துக்குச் சரக்கு மற்றும் சேவை வரித் துறை 11,139 கோடி ரூபாய் கேட்டு அறிவிக்கை அனுப்பியது. துணை நிறுவனங்களுக்கு மேலும் 5,682 கோடி. அது சட்டத்துக்குப் புறம்பான கோரிக்கை என்று நிறுவனம் மறுத்து நீதிமன்றம் சென்றது. அந்த வழக்கின் நியாயத்தை நீதிமன்றம் சொல்லட்டும். நாம் காண வேண்டியது, நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்த அந்த நடவடிக்கை எழுந்த இடம். பணயத்தின் முழுத் தொகைக்கு வரியா, நிறுவனத்தின் வருமானத்துக்கு மட்டும் வரியா என்பதே அங்கு வழக்கு. உள்ளே வரும் பணம் யாருடையது, கடன் கொடுத்து ஆடவைக்கிறார்களா, தோற்றவரிடம் கடனை எப்படி வசூலிக்கிறார்கள் என்ற கேள்விகள் அந்த அறிவிக்கையில் இடம்பெற வேண்டியவை அல்ல. அவற்றைக் கேட்பதற்கென்றே ஓர் அமைப்பு இருந்திருக்க வேண்டும். பணமோசடித் தடுப்புச் சட்டத்தில் 2009-இல் கொண்டுவந்த திருத்தம் கேசினோக்களையும் வாடிக்கையாளரின் விவரங்களைப் பதிந்துவைக்கும் கடமைக்குள் கொண்டுவந்தது. கடமை இருக்கிறது, அது நிறைவேறுகிறதா என்று நாள்தோறும் பார்க்கும் கண் வேண்டும். இதற்கிடையே 2023 அக்டோபர் முதல் கேசினோவில் கட்டும் தொகைக்கு 28 விழுக்காடு வரி. 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடு. மத்திய அரசும் மாநில அரசும் இதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. வரி ஏறுவது நல்லதே. ஆனால் பங்கு கூடக் கூட, அந்தத் தொழில் தடையின்றி நடக்க வேண்டும் என்ற ஆசையும் அரசுக்குள் கூடும்.

மெல்போர்ன் தரும் பாடம்

பணக்கார நாடுகளில், படித்த அதிகாரிகள் உள்ள இடங்களில் இது நடக்காது என்று எண்ணினால் ஆஸ்திரேலியாவைப் பார்க்க வேண்டும். மெல்போர்ன் நகரின் கிரௌன் கேசினோ விக்டோரியா மாநிலத்துக்குப் பெரும் வரி தந்த நிறுவனம். ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்த நிறுவனம். 2018-இல் அம்மாநிலக் கண்காணிப்பு ஆணையம் தன் ஆறாவது மறுஆய்வை முடித்து, உரிமம் வைத்திருக்கத் தகுதியுள்ள நிறுவனம் என்று சான்று வழங்கியது. அடுத்த ஆண்டே, குற்றக் கும்பல்களோடு தொடர்புள்ள தரகர்கள் வழியாகச் சீனப் பணக்காரர்களை அந்த கேசினோ அழைத்துவந்ததைப் பத்திரிகையாளர்கள் வெளிக்கொணர்ந்தார்கள். 2021 பிப்ரவரியில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் அமைத்த பெர்கின் விசாரணை, சிட்னியில் கேசினோ நடத்த கிரௌன் தகுதியற்றது என்று கண்டது. அதே ஆண்டு அக்டோபரில் விக்டோரியாவின் ஃபிங்கெல்ஸ்டீன் விசாரணை ஆணையமும் மெல்போர்ன் கேசினோவைப் பற்றி அதே முடிவுக்கு வந்தது. சீன வங்கி அட்டைகளில் எடுத்த சூதாட்டப் பணத்தை விடுதி அறைக் கட்டணம் என்று பொய்க் கணக்கு எழுதியது உட்படப் பல முறைகேடுகள் உறுதியாயின. மூன்றே ஆண்டுகளில் தகுதி எப்படித் தகுதியின்மை ஆயிற்று? முறைகேடுகளில் பல 2018-க்கு முன்பே நடந்தவை. அன்று ஆணையம் காணவில்லை என்பதே உண்மை. அதைக் கண்டது செய்தித்தாள்.

அதன்பின் அவர்கள் செய்ததைத்தான் நாம் ஊன்றிப் படிக்க வேண்டும். கேசினோவை உடனே மூடி ஊழியர்களைத் தெருவில் நிறுத்தவில்லை. நிறுவனத்தின் ஒவ்வொரு முடிவையும் பார்க்க, எந்தக் கோப்பையும் திறக்க அதிகாரம் பெற்ற சிறப்பு மேலாளர் ஒருவரை இரண்டு ஆண்டுகளுக்கு உள்ளே அமர்த்தினார்கள். பழைய ஆணையத்தைக் கலைத்து, 2022 ஜனவரி முதல் சூதாட்டத்துக்கென்றே தனி ஆணையத்தை அமைத்தார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, மெய்ப்பிக்கும் பொறுப்பை இடம் மாற்றினார்கள். குறித்த காலத்துக்குள் நிறுவனம் தன் தகுதியை மெய்ப்பித்து ஆணையத்தை நிறைவுசெய்ய வேண்டும். இல்லையேல் உரிமம் தானாகவே போய்விடும். அரசு குற்றத்தை நிரூபிக்கும்வரை தொழில் நடக்கட்டும் என்ற பழைய நிலை தலைகீழானது. புதிய ஆணையம் முதல் ஆண்டிலேயே 8 கோடி ஆஸ்திரேலிய டாலரும், பின்னர் 12 கோடி டாலரும் தண்டம் விதித்தது. பணமோசடித் தடுப்பு விதிகளை மீறியதற்காக 2023 ஜூலையில் கூட்டாட்சி நீதிமன்றம் கிரௌன் நிறுவனங்களுக்கு 45 கோடி டாலர் தண்டத்தை உறுதிசெய்தது. உரிமையாளர் மாறி, நிர்வாகம் மாறி, விதிகள் மாறிய பிறகே 2024 மார்ச்சில் மெல்போர்ன் கேசினோ மீண்டும் தகுதிச் சான்று பெற்றது.

சிங்கப்பூரும் கொழும்பும்

சிங்கப்பூர் இதைத் தொடக்கத்திலேயே எண்ணிப் பார்த்தது. 2010-இல் இரண்டு கேசினோக்கள் திறப்பதற்கு முன்பே, 2006-இல் சட்டம் இயற்றி, 2008-இல் தனிக் கண்காணிப்பு ஆணையம் அமைத்தார்கள். சூதாட்ட அடிமைத்தனத்துக்கான தேசிய மன்றம் அதற்கும் முன்னே, 2005-இல் வந்துவிட்டது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே நுழைய ஒரு நாளுக்கு 100 வெள்ளி கட்ட வேண்டும் என்று தொடங்கி, 2019 முதல் அது 150 வெள்ளி. அந்தப் பணம் கேசினோவுக்குப் போகாமல் பொதுநலப் பணிகளுக்குப் போகிறது. வீட்டில் ஒருவர் சூதில் வீழ்ந்தால், குடும்பத்தாரே மனுக் கொடுத்து அவரை உள்ளே விடாமல் தடுக்க முடியும். திவாலானவர்களும் அரசின் உதவித்தொகையில் வாழ்பவர்களும் தாமாகவே தடைப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள். திறந்த பின் காவல் தேடாமல், காவலை நிறுத்திவிட்டுத் திறந்த ஊர் அது. ஆனால் அங்கும் ஒரு வாயில் திறந்தே கிடக்கிறது. நுழைவுக் கட்டணம் அயல்நாட்டவருக்கு இல்லை. கட்டடப் பணிக்குப் போன நம் ஊர்த் தொழிலாளி இலவசமாக உள்ளே போகலாம். தன்னைத் தானே விலக்கிக்கொள்ளும் வசதி அவருக்கும் உண்டு; ஆனால் அது ஏற்கெனவே விழித்துக்கொண்டவருக்கே பயன்படும். ஓர் அரசு தன் மக்களைப் பார்த்துக்கொள்ளும் கவனம் பிறர் மக்கள் மீது இயல்பாக விழாது. சிங்கப்பூரின் சட்டத்தை நாம் திருத்த முடியாது. அங்கே வேலைக்கு அனுப்பும்முன் நடத்தும் பயிற்சியில், சூதாட்ட விலக்கு மனு எப்படிக் கொடுப்பது என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுப்பது நம்மால் முடியும்.

பாக் நீரிணைக்கு அப்பால் கொழும்பு எதிர்ப்பக்கத்து எடுத்துக்காட்டு. 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலங்கை அரசு கேசினோக்களிடம் வரி வாங்கத் தொடங்கியது. ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது 2010-இல். உரிமத்துக்கான விதிகள் வந்தது 2022-இல், நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபின். தனி ஒழுங்குமுறை அதிகாரசபைக்கான சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2025 ஆகஸ்டில். அந்த மாதத்தில்தான் கொழும்பில் புதிய பெரிய கேசினோ ஒன்றும் திறந்தது. வரி வாங்கத் தொடங்கியதற்கும் காவல் அமைத்ததற்கும் இடையே 37 ஆண்டுகள். புதிய அதிகாரசபையும் நிதி அமைச்சின் பொறுப்பில்தான் இருக்கிறது. அதன் பணியை இனிமேல்தான் அளக்க முடியும். ஆனால் அது அமர்ந்திருக்கும் இடம் நான் எச்சரிக்கும் இடமே.

தமிழ்நாட்டின் வழி

தமிழ்நாடு இந்தச் சிக்கலை இணையச் சூதாட்டத்தில் எதிர்கொண்டது. 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் வீட்டையும் கூடத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது.  கைப்பேசித் திரை அந்தச் சட்டத்துக்குள் அடங்கவில்லை. 2020 நவம்பரில் அ.தி.மு.க. அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, பின்னர் சட்டத் திருத்தமும் செய்தது. திறமை ஆட்டங்களையும் சேர்த்து முழுவதும் தடை செய்தது அளவுக்கு மீறியது என்று 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. தி.மு.க. அரசு நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்தது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அதில் இருந்தார். 2022 ஜூன் இறுதியில் அறிக்கை வந்தது, அக்டோபரில் சட்டமுன்வரைவு நிறைவேறியது. 2023 மார்ச் 6-இல் ஆளுநர் அதைத் திருப்பி அனுப்பினார். அதே மாதம் பேரவை மீண்டும் நிறைவேற்றியது. நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போய்விட்டன என்று முதலமைச்சர் அவையில் சொன்னார். ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மியையும் போக்கரையும் சூதாட்டமாக வைத்த அட்டவணையை மட்டும் நீக்கியது.

இந்த நீண்ட இழுபறியில் நமக்குக் கிடைத்த நல்ல பயன் தமிழ்நாடு இணைய விளையாட்டு ஆணையம். தலைமைச் செயலர் நிலையில் இருந்து ஓய்வுபெற்றவர் தலைவர். காவல்துறையில் ஓய்வுபெற்ற உயர் அதிகாரி, தகவல் தொழில்நுட்ப வல்லுநர், உளவியலாளர், இணைய விளையாட்டை அறிந்தவர் என உறுப்பினர்கள். வரித் துறையின் கிளையாக அது அமையவில்லை. 2025 பிப்ரவரியில் அந்த ஆணையம் விதிகள் வகுத்தது. நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை பணம் வைத்து ஆடும் தளத்தில் நுழையக் கூடாது. ஆதார் வழியாக அடையாளம் உறுதியாக வேண்டும். பதினெட்டு வயது நிறையாதவர் ஆடக் கூடாது. நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2025 ஜூன் 3-இல் உயர் நீதிமன்றம் அந்த விதிகளை ஏற்றது. வருவாய்க் கணக்கு பார்க்க வேண்டியிராத அமைப்பு, ஆடுபவரின் தூக்கத்தைப் பற்றிக் கவலைப்பட முடிந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஆனால் திரைக்கு இப்புறம், தெருவில் உள்ள சீட்டு மேசைக்கு இத்தகைய காவல் இல்லை. மனமகிழ் மன்றம் சங்கமாகப் பதிவாவது பதிவுத் துறையில். மது அருந்தும் உரிமம் பெறுவது மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையில். பணம் வைத்து ஆடினால் வழக்குப் போடுவது காவல்துறை. மூன்று துறைகளும் மூன்று கோப்புகள் வைத்திருக்கின்றன. மன்றத்தை முழுதாகப் பார்ப்பவர் யாருமில்லை. 1968-இல் சத்தியநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் ரம்மி பெருமளவு திறமை ஆட்டம் என்றது. உடனேயே, மன்றமோ நடத்துபவரோ அதில் இலாபம் பார்த்தால் குற்றம் ஆகலாம் என்றும் சொன்னது. ஆகவே குற்றத்தின் ஆணிவேர் நடத்துபவரின் இலாபத்தில் இருக்கிறது. அதைத் தேட வேண்டிய இடம் கணக்குப் புத்தகம். நடைமுறையிலோ, சீட்டாடியவர்கள் கைது, சீட்டுக்கட்டு பறிமுதல், இத்தனை ஆயிரம் ரொக்கம் கைப்பற்றல் என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. தோற்றவர் மீது வழக்கு. மேசை போட்டவரின் உரிமம் என்ன ஆயிற்று என்று ஊருக்குத் தெரிவதில்லை.

எதிர்க்கேள்விகள்

முழுத் தடையே போதுமே, கண்காணிப்பு எதற்கு என்பது முதல் கேள்வி. இதைக் கேட்பவர்களின் அறச்சீற்றத்தை நான் மதிக்கிறேன். தமிழ்நாட்டில் கேசினோ வேண்டும் என்பது என் வாதம் இல்லை. வேண்டாம் என்பதே என் நிலை. ஆனால் தடை போட்டபின் காவல் தேவைப்படாது என்ற எண்ணம் தவறு. லாட்டரித் தடைக்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து, 2019 டிசம்பரில், விழுப்புரத்தில் நகைத் தொழிலாளி ஒருவரின் குடும்பமே மூன்று நம்பர் லாட்டரிக் கடனால் மடிந்தது. சட்டத்தில் இல்லாத லாட்டரி தெருவில் இருந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இரண்டே நாளில் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நாடு முழுவதும் தடை செய்கிறது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை தண்டம். ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 கோடி ரூபாயை மக்கள் இழக்கிறார்கள் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. இந்தத் தடையை நான் வரவேற்கிறேன். ஆனால் அயல்நாட்டிலிருந்து இயங்கும் தளமும், வாடகைக்கு எடுத்த வங்கிக் கணக்கும் சட்டப் புத்தகத்தைப் படித்துவிட்டு ஒதுங்கிவிடப் போவதில்லை. தடை கண்காணிப்பின் வேலையைக் கூட்டுகிறது.

வருவாய் போய்விடும், நலத்திட்டங்களுக்குப் பணம் எங்கே என்பது இரண்டாவது கேள்வி. காவலை வசூலிலிருந்து பிரிப்பதால் ஒரு ரூபாய் வரியும் குறையாது. வரித் துறை வரி வாங்கட்டும். உரிமம், சோதனை, தண்டனை ஆகியவை வேறொருவர் கையில் இருக்கட்டும். முறைகேட்டை ஒழித்தால் குறையும் வருவாய் எதுவோ, அது அரசு தொடக்கத்திலிருந்தே தொடக் கூடாத பணம்.

புகார் வந்ததாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவாரா, தொழில் செய்யும் உரிமை என்ன ஆவது என்பது மூன்றாவது கேள்வி. வலுவான கேள்வி இது. சூதாட்டம் அரசமைப்பு காக்கும் தொழில் உரிமைக்குள் வராது என்று 1957-இல் சமர்பாக்வாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமம் என்பது அரசு நிபந்தனையோடு தரும் சலுகை; நிபந்தனையை நிறைவேற்றியதாகக் காட்டும் கடமை பெற்றவருடையது. சிறைத் தண்டனை கொடுக்க அரசு குற்றத்தை ஐயமற நிரூபிக்க வேண்டும். அதில் தளர்வு கூடாது. உரிமத்தை நிறுத்திவைக்க அந்த அளவு சான்று தேவையில்லை. அதே வேளையில் அறிவிக்கை தர வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும், காரணம் எழுத வேண்டும், மேல்முறையீட்டுக்கு வழி வைக்க வேண்டும். இவை இல்லாமல் உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் கையூட்டு வாங்கும் கருவியாகிவிடும். மெல்போர்ன் செய்ததுபோல் உள்ளே ஒரு மேற்பார்வையாளரை அமர்த்துவது, நிறுவனத்துக்கும் ஊழியருக்கும் பொதுமக்களுக்கும் நியாயமான நடுவழி.

தனி ஆணையம் அமைத்தால் அது ஓய்வுபெற்ற அதிகாரிகளின் தங்குமிடம் ஆகிவிடாதா என்பது நான்காவது கேள்வி. ஆகலாம். விக்டோரியாவின் பழைய ஆணையமும் தனி ஆணையம்தான், அதுவும் தூங்கியது. தனித்திருப்பது முதல் படி மட்டுமே. அதைத் தூங்கவிடாமல் செய்வது வெளிச்சம். எந்தக் கூடத்தை எந்த நாளில் சோதித்தார்கள், என்ன கண்டார்கள், என்ன செய்தார்கள் என்பதை ஆண்டுதோறும் பேரவை முன் வைக்க வேண்டும். பொதுமக்களுக்கும் தர வேண்டும். கிரௌன் முறைகேட்டை வெளிக்கொணர்ந்தது செய்தித்தாள் என்பதை மறக்கலாகாது. காவலரையும் காக்கும் கண் பொதுமக்களுடையது.

செய்ய வேண்டியவை

ஆகவே நான் முன்வைப்பவை இவை. சூதாட்டத்தைக் கண்காணிக்கும் அமைப்பு வரி வசூலிக்கும் துறையிலிருந்து முழுவதும் பிரிந்திருக்க வேண்டும். சூதாட்ட நிறுவனங்களிடம் கட்சிகள் நன்கொடை பெறுவதைச் சட்டம் தடுக்க வேண்டும். உரிமம் பெற்றவர் தன் தகுதியைக் காலந்தோறும் தானே மெய்ப்பிக்க வேண்டும். மனமகிழ் மன்றங்களுக்கும் இந்தக் கடமை பொருந்த வேண்டும். மூன்று துறைகளின் கோப்பும் மாவட்ட அளவில் ஓரிடத்தில் சேர வேண்டும். சோதனையும் நடவடிக்கையும் காரணத்தோடு வெளியாக வேண்டும்.

கடைசியாகச் சொன்னதற்குப் புதிய சட்டம்கூட வேண்டியதில்லை. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு, அரசு அலுவலகங்கள் தாம் வழங்கிய உரிமங்களையும் அனுமதிகளையும் பெற்றவர்களின் விவரத்தை, யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. 1991-இல் அறிவொளி இயக்கத்தில் ஆயிரமாயிரம் பெண்கள் எழுத்தறிந்த மாவட்டம் இது. எழுத்தறிவின் பயன் கையெழுத்துப் போடுவதோடு முடிந்துவிடக் கூடாது. அரசின் கோப்பைப் படித்துக் கேள்வி கேட்பதில்தான் அது நிறைவு பெறும். இந்த மாவட்டத்தில் உரிமம் பெற்ற மனமகிழ் மன்றங்கள் எவை, அவற்றைக் கடைசியாகச் சோதித்த நாள் எது, சோதனையில் கண்டது என்ன, எடுத்த நடவடிக்கை என்ன என்ற நான்கு கேள்விகளை மாணவர்களும் வழக்கறிஞர்களும் மகளிர் குழுக்களும் எழுத்தில் கேட்க வேண்டும். கிராம சபையிலும் கேட்க வேண்டும். விடை வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று இந்த அவையைப் பணிவோடு வேண்டிக்கொள்கிறேன். பங்கு வாங்காத காவல் ஒன்று இந்த நாட்டில் உண்டென்றால், அது குடிமக்களாகிய நீங்கள்தான்.